மூன்று நாளில் மேய்ன் கலங்கரை விளக்கங்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: பாஸ்டனில் இருக்கிறேன். ஜூலையில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். மூன்று நாள் விடுப்பில் காரிலேயே மேய்ன் மாநிலக் கடற்கரைக்குப் போய்க் கலங்கரை விளக்கங்களைக் காட்டலாம் என்று பட்டியல் போட்டேன், ஒன்பது தேறியது. கடைசி வெஸ்ட் குவாடி ஹெட், கனடா எல்லையில். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவோ உச்சிவரை ஏறியே தீருவேன் என்கிறார். இருவரும் சைவம். சரிப்பட்டு வருமா?

ஒன்பது சரிப்படாது. நான்கு போதும், ஐந்தாவது அப்பாவுக்காக மட்டும். காரணம் வண்டி ஓட்டும் அலுப்பு மட்டுமில்லை, அந்தக் கரையின் அமைப்பே அப்படி. பனியாறுகள் அரித்த பள்ளத்தாக்குகளில் பின்னால் கடல் ஏறியதால், நிலம் விரித்த கைவிரல்கள் மாதிரி நீண்டு நீண்டு கிடக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் 230 மைல்கூட வராத கரை, வளைவு நெளிவெல்லாம் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 3,500 மைல். கலங்கரை விளக்கங்கள் பெரும்பாலும் விரல் நுனியில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, முதலாம் எண் நெடுஞ்சாலைவரை திரும்பி வந்து அடுத்த விரலில் இறங்க வேண்டும். பெமக்விட் பாயின்டிலிருந்து மார்ஷல் பாயின்டுக்குக் கடல்மேல் 15 மைல்கூட இருக்காது, காரில் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். போர்ட்லாந்திலிருந்து பெமக்விட் வரும் வழியில் விஸ்காசெட் ஊரில் ஜூலை மாத நெரிசல் வேறு. வரைபடத்தில் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதைப் பார்த்து ஏமாந்து பட்டியல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் நாள் போகிற வழியிலேயே, யார்க் ஊரில் கேப் நெடிக் கலங்கரை விளக்கம். எல்லாரும் நபிள் என்றுதான் சொல்வார்கள். 1879-ல் கட்டியது, கரைக்கு எதிரே சின்னப் பாறைத்தீவில் நிற்கிறது. தீவுக்குப் போக முடியாது, இந்தப் பக்கம் சோயர் பூங்காவில் வண்டியை நிறுத்தினால் முழுசாக எதிரே தெரியும், அம்மா காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். நீர் வற்றும் நேரத்தில் இறங்கிக் கடந்துவிடலாம் போலத் தோன்றும், வேண்டாம், அனுமதியும் கிடையாது. 1960களில் விளக்கைப் பராமரிக்கும் காவலராக இருந்தவர் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்ப, கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் உட்காரவைத்து இக்கரைக்கு இழுத்துவிடுவாராம். படம் பத்திரிகையில் வந்ததும் மேலதிகாரிகள் பதறிப்போய் நிறுத்திவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

அன்று இரவு போர்ட்லாந்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போர்ட்லாந்து ஹெட் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்துவிடும். 1791 ஜனவரியில் முதல் விளக்கு ஏற்றியது, மேய்னில் இதுதான் மிகப் பழையது. ஃபோர்ட் வில்லியம்ஸ் பூங்காவுக்குள் இருக்கிறது. நுழைய இலவசம், வண்டி நிறுத்தச் சில இடங்களில் கட்டணம். பாதை சமதளம், அம்மாவுக்குச் சிரமமில்லை. விளக்கத்துக்குக் கீழே ஒரு பாறையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும்: 1886 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆனி சி. மகுவயர் என்ற கப்பல் இந்த இடத்தில்தான் மோதியது. விளக்குக்கு அவ்வளவு பக்கத்தில்! காவலர் குடும்பம் ஏணியைப் பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டு அத்தனை பேரையும் கரையேற்றியது.

இப்போது அப்பாவின் ஆசைக்கு வருவோம். மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் போய் நகரத்தைப் பார்த்தவர் என்றால் அதே நினைப்பில் வருவார். இங்கே கோபுரங்கள் குட்டையானவை, பாதிக்கு மேல் பூட்டியே இருக்கும். போர்ட்லாந்து ஹெட்டில்கூட செப்டம்பரில் வரும் திறந்த நாள் ஒன்றில்தான் பொதுமக்களை மேலே விடுகிறார்கள். அதனால் அன்று மதியம் பெமக்விட் பாயின்டுக்கு அழைத்துப் போங்கள். கோடையில் தன்னார்வலர்கள் இருந்தால், வானிலையும் ஒத்துழைத்தால் ஏற விடுவார்கள், கிளம்புமுன் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 38 அடிதான் உயரம். குறுகலான சுழல்படி, மேலே போனதும் கண்ணெதிரே பழைய ஃப்ரெனெல் லென்ஸ், பட்டை பட்டையான கண்ணாடி வளையங்களை அடுக்கிச் செய்தது. மேய்னில் இன்னும் பழைய லென்ஸோடு எரியும் விளக்கங்கள் கொஞ்சம்தான் மிச்சம். இந்தக் கோபுரத்துக்கு ஒரு கதையும் உண்டு. 1827-ல் முதலில் கட்டியது சில ஆண்டுகளிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது, சாந்தைக் கடல்நீரில் குழைத்துவிட்டார்கள் என்கிறார்கள். 1835-ல் இடித்துக் கட்டியதுதான் இப்போது நிற்பது.

பெமக்விட்டில் என் கவலை படிக்கட்டு இல்லை, கோபுரத்துக்குக் கீழே கடலுக்குள் சாய்ந்து இறங்கும் பாறைதான். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக அவ்வளவு அழகாக இருக்கும், எல்லாரும் படம் எடுக்க இறங்குவார்கள். அலை இழுத்துப்போய் இறந்தவர்கள் உண்டு. ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பாறை வெளிறிக் காய்ந்திருந்தால் நிற்கலாம், ஈரமாகவோ கறுத்துப் பாசி பிடித்தோ இருந்தால் தண்ணீர் அங்கே வரும் என்று அர்த்தம், ஐந்து நிமிஷமாக வரவில்லை என்றாலும். கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே வேண்டாம். வெயில் அடிக்கிறதே என்றும் நம்ப முடியாது. 2009 ஆகஸ்டில் பில் புயல் எங்கோ தொலைவில் போய்க்கொண்டிருந்தபோது, இதே மாநிலத்தில் அகேடியா தேசியப் பூங்காவில் வேடிக்கை பார்த்தவர்களை ஓர் அலை வாரிக்கொண்டு போனது, ஏழு வயதுக் குழந்தை இறந்தது. கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் போனில் பார்த்துவிட்டே இறங்குங்கள். போர்ட்லாந்து பக்கம் சராசரியாக ஒன்பது அடி ஏறி இறங்கும், நம் மெரினாவில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுசு.

இரவு ராக்லாந்தில் தங்கலாம். மூன்றாம் நாள் காலை அப்பா மட்டும் நடக்க ராக்லாந்து அலைத்தடுப்புச் சுவர். ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான கருங்கல் சுவர், அதன் முனையில் 1902-ல் கட்டிய விளக்கம். கைப்பிடி கிடையாது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கால் நுழையும் இடைவெளிகள், செருப்போடு போகக் கூடாது. அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம். பதிலுக்கு, அங்கிருந்து அரை மணி நேரத்தில் மார்ஷல் பாயின்ட்: புல்வெளி, கரையிலிருந்து விளக்கத்துக்கு மரப்பாலம், படியேறும் வேலை இல்லை. அந்த நான்கில் அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மதியத்துக்குள் கிளம்பினால் ராத்திரிக்குள் பாஸ்டன்.

ஜூலை என்பதால் மூடுபனி வரும். வெப்பக்காற்று குளிர்ந்த கடல்மேல் வந்து படிவதால் வருவது, நடுப்பகலுக்குள் பெரும்பாலும் விலகிவிடும், அதனால் காலையில் ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த ஊருக்கு ஓடாதீர்கள். மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் பனிச்சங்கு ஊதாமலும் இருக்கலாம். பல இடங்களில் இப்போது படகோட்டி தன் ரேடியோவில் பொத்தானை ஐந்து தடவை அழுத்தினால்தான் அது ஊதும். தேதியை மாற்ற முடியுமென்றால் செப்டம்பர் நடுவில் வாருங்கள், பனியும் கூட்டமும் குறைவு.

வெஸ்ட் குவாடி அழகுதான், சிவப்பு வெள்ளைப் பட்டைக் கோபுரம், பாஸ்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். அதற்குத் தனியாக ஐந்து நாள் வைத்துக்கொண்டு, வழியில் அகேடியாவில் இருக்கும் பாஸ் ஹார்பர் ஹெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகேடியாவில் 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம், அப்பா அம்மாவுக்கும் அது பொருந்தும், பூங்காக்களுக்கான ஆண்டு நுழைவுச்சீட்டு எடுப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குவாடி பக்கம் லூபெக்கில் ஒரு பாலம் இருக்கிறது, தாண்டினால் கனடா. இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. போன் அங்கே கனடா செல்போன் கோபுரத்தைப் பிடித்து ஒரு மணி நேரம் முன்னே காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சாப்பாடு. கரையோரக் கடைகளில் சைவத்துக்கு மிஞ்சுவது பிரெஞ்ச் ஃப்ரைஸ், அதையும் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கும் கடைகள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். சௌடர் சூப்பில் காய்கறி மாதிரி மிதப்பது சிப்பி. ப்ளூபெர்ரி பை (மாவுக்குள் பழம் வைத்துச் சுட்டது) நம்பலாம், மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்தார்களா என்று மட்டும் விசாரியுங்கள். போர்ட்லாந்தில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, அதைத் தாண்டினால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளியோதரைதான் துணை.