மலையூர் நூலகம்: எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலைக்குப் பழைய பங்களா ஒன்றிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் தருகிறேன் என்கிறார்கள். திறந்தாலே பூசண வாடை. வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. வாங்கலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: வாங்குங்கள். ஆனால் நூலக அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வாங்கும் முன்பே, "எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே கொடுப்பது என்பது நூலகத்தின் முடிவு" என்று ஒரு தாளில் எழுதி, புத்தகம் தருபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனால், யாரும் தொடாத புத்தகம் நிறைந்த பீரோவை நன்கொடையாளர் மனம் நோகுமே என்று வருடக்கணக்கில் கட்டிக் காக்க வேண்டிவரும்.

பெட்டிகளைத் தனி அறையிலோ மூடிய வராந்தாவிலோ இறக்கி வையுங்கள். பூசணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் அப்பிக்கொள்ளும். முதலில் காய வேண்டும். புத்தகத்தை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்தி, நிழலில், காற்றோட்டத்தில் விடுங்கள். நேர்வெயிலில் அட்டை வளையும், மை வெளுக்கும். பூசணம் பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, கட்டடத்துக்கு வெளியே, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். இதையெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட குன்னூரில் நவம்பரில் எதுவும் காயாது.

ராமபாணப் பூச்சியோ, தாளைத் துளைக்கும் புழுவோ தென்பட்டால், பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒன்று நினைவிருக்கட்டும்: உறைகுளிர் பூச்சியைக் கொல்லும், பூசணத்தைத் தூங்க மட்டுமே வைக்கும். தாள் கையில் நொறுங்கும் புத்தகம் வேறெங்கும் கிடைக்கும் என்றால், அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

கேள்வி: அலமாரிகள் நிரம்பிவிட்டன. பழையதை எடுக்கலாம் என்றால் கமிட்டியில் "புத்தகத்தைத் தூக்கிப்போடுவது பாவம்" என்கிறார்கள். முறை என்ன?
— வாசகர், கோத்தகிரி

பதில்: தவறான தகவலைப் படிக்கக் கொடுப்பதுதான் பெரிய பாவம் என்று கமிட்டியிடம் சொல்லுங்கள். எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. அதை எத்தனை மில்லி கலப்பது என்று சொல்லும் பழைய வேளாண் கையேடு உங்கள் அலமாரியில் இருந்தால், கேரட் போடும் விவசாயி அதை நம்பித்தான் எடுத்துப்போவார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்க, பழைய சட்டத்தை மட்டும் விளக்கும் கைடு போட்டித் தேர்வு எழுதும் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். கணினி நூலை 3 ஆண்டிலும் மருத்துவ நூலை 5 ஆண்டிலும் மறுபார்வைக்கு எடுப்பது நல்ல வழக்கம்.

மற்றவற்றுக்குத் தேதிச் சீட்டைப் பாருங்கள். மூன்று வருடமாக முத்திரை விழாத புத்தகத்தைத் தனியே எடுத்து வையுங்கள். உடனே நீக்கிவிடக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைப்பவர்களும் உண்டு. உதகை மாவட்ட மைய நூலகத்தில் அதே நூல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு பட்டியல் போட்டு, கமிட்டித் தீர்மானம் எழுதி, சேர்க்கைப் பதிவேட்டில் அந்த நூலின் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் தேதியும் காரணமும் குறியுங்கள். நூலக முத்திரையின் மேலேயே "நீக்கப்பட்டது" முத்திரை குத்துங்கள். இல்லையென்றால் பழைய புத்தகக் கடைக்குப் போன நூலை நல்ல மனிதர் யாராவது உங்களிடமே திருப்பிக் கொண்டுவருவார். நூற்பட்டியல் அட்டையையும் உருவிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அரசுக் கிளை நூலகம் என்றால் நூலகரோ ஊர்க் கமிட்டியோ தானாக முடிவெடுக்க முடியாது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி அமைந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவின் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத ஒரு வகை உண்டு: மலையைப் பற்றிய தாள்கள். நீலகிரிப் படகர் மக்களின் பாட்டுப் புத்தகம், அவர்கள் வணங்கும் ஹெத்தை அம்மன் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் துண்டறிக்கை. இருபது வருடம் ஒருவரும் கேட்கவில்லை என்றாலும் எடுக்காதீர்கள். பெரிய நூல்களுக்கு ஊர் ஊராகப் பிரதி இருக்கும். எட்டுப் பக்கத் துண்டறிக்கைக்கு உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் வைத்து, தனிப்பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள். செல்லோடேப் மட்டும் வேண்டாம். அதன் பசை பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும்.

கேள்வி: ஈரத்துக்கு நாப்தலின் உருண்டை போதுமா? ஹீட்டர் வைக்கலாமா?
— வாசகர், உதகை

பதில்: நாப்தலின் உருண்டை பூசணத்தை ஒன்றும் செய்யாது. படிக்க வருபவர்களின் மூச்சுக்குத்தான் கேடு. கேஸ் ஹீட்டர் இன்னும் மோசம். எரிவாயு எரியும்போதே நீராவி உண்டாகிறது. சில நூறு ரூபாய்க்கு, காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கும். வாங்கி அலமாரிக்குள் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூசணம் பிடிக்கும். இரவில் வெளிச்சுவர் குளிர்ந்து அதன்மேல் ஈரம் படியும் என்பதால், அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அடித்தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திப் போடுங்கள். நெருக்கி அடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிபையர் வாங்குவதானால் கம்ப்ரசர் வகை வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே அதன் சுருளில் பனி உறைந்து வேலை மந்தமாகும். உதகைக் குளிருக்கு ஈரமுறிஞ்சும் பொருள் வைத்த டெசிகண்ட் வகையே சரி.

கேள்வி: வருடத்துக்குக் கொஞ்சம் பணம்தான். எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: மேசைமேல் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள், கேட்டுக் கிடைக்காத நூலை வாசகரே எழுதட்டும். அதையும், சென்ற வருடம் எந்தப் பிரிவு அதிகம் வெளியே போனது என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள். போட்டித் தேர்வு நூலைப் பாடத்திட்டம் வெளியான பிறகு வாங்குங்கள். கடையில் புத்தகத்தை நடுவில் விரித்து, முதுகை மேலிருந்து பாருங்கள். மடித்த தாள்கட்டுகள் தெரிந்தால் நூல் தையல் போட்டது, உழைக்கும். வெறும் பசைக்கோடு தெரிந்தால் நாலு கை மாறும்முன் தாள் தாளாகக் கழன்றுவிடும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் நூல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நனைந்து உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.