ஏஜென்ட் அப்படி சொன்னது சட்டப்படியே தப்புங்க

அட்லாண்டால வீடு பாக்குறப்போ ஏஜென்ட் "அந்த ஏரியால கறுப்பர்கள் ஜாஸ்தி, உங்களுக்கு செட் ஆகாது"ன்னாரு, இதை பெருசு பண்ணணுமான்னு கேட்டிருந்தீங்க. கண்டிப்பா பண்ணுங்க. இப்படி இனத்தைப் பாத்து ஆளுங்களை ஒரு ஏரியாவுக்குத் தள்ளுறதுக்கோ விலக்குறதுக்கோ பேரு ஸ்டீயரிங், வீடு விஷயத்துல பாகுபாட்டைத் தடுக்குற 1968 ஃபேர் ஹவுசிங் ஆக்ட் படி செய்யவே கூடாது. 1930கள்ல அரசாங்க ஏஜென்சியே கறுப்பர்கள் இருந்த ஏரியாவையெல்லாம் லோன் குடுக்க ஆபத்தான இடம்னு மேப்ல சிவப்பா குறிச்சு வச்சுது, அங்க இருந்தவங்களுக்கு லோன் கிடைக்கல, சொத்து சேரல, அதே இடத்தைத்தான் இன்னிக்கு மோசமான ஏரியாங்குறாங்க. அவர் சொன்னதை தேதியோட எழுதி வைங்க, மெசேஜ் இருந்தா அழிச்சிடாதீங்க, ஹட்னு சொல்ற வீட்டுவசதித் துறைக்கு 1 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம், காசு கிடையாது. கூட வந்த நம்ம ஊர் ஃப்ரெண்ட்ஸும் தலையாட்டுனாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. நம்மாளுங்க இங்க வர வழி பண்ணுன 1965 குடியேற்றச் சட்டமே கறுப்பர்களோட உரிமைப் போராட்டக் காலத்துல, அந்த அழுத்தத்துல வந்ததுதான், அதை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நேராவே சொல்லுங்க.