மரச்சப்பாத்து வாங்குமுன்

தம்பி, நெதர்லாந்தில் மாட்டுப் பண்ணை வேலை கிடைத்திருப்பதாகவும், அங்குள்ளவர்களைப் போல மரச்சப்பாத்து அணிய விரும்புவதாகவும், ஆம்ஸ்டர்டாமில் கண்ட மஞ்சள் சோடியை உங்களுக்கும் ஊரிலுள்ள அம்மாவுக்கும் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகை, மொழி வகுப்பு பற்றியெல்லாம் நகரசபையில் கேட்டால் சொல்வார்கள். சப்பாத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லமாட்டார்கள்.

காற்றாலையும் துலிப் பூவும் வரைந்து, மினுங்கும் பூச்சுப் பூசி, சுற்றுலாக் கடைகளில் அடுக்கியிருப்பவை பார்வைக்கு உரியவை; அவற்றுடன் சாணித் தரையில் இறங்காதீர்கள். விவசாயப் பொருட்கள் விற்கும் கடைக்குப் போய், தடித்த கம்பளிக் காலுறையுடன் அணிந்து பாருங்கள். கால் முன்னே முட்டும்போது குதிக்காலின் பின்னே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். தோல் சப்பாத்து நாளடைவில் இளகும், மரம் இளகாது. இறுக்கமானதை வாங்கினால் இறுதிவரை இறுக்கந்தான்.

நான் வந்த முதற் குளிர்காலத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தேன். முதலாளி தந்த இறப்பர்ச் சப்பாத்துக்குள் காலை பத்து மணிக்கே தண்ணீர் புகுந்துவிடும். புதியது கேட்டால், வெளிநாட்டவர்களுக்குக் குளிர் பழக்கமில்லை என்று சிரிப்பார். உடன் வேலை செய்த முதியவர் ஒருவர்தான் தம் மகனுக்குச் சிறிதாகிப்போன மரச்சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தார். முதலில் பாதத்தின் மேற்புறம் உராய்ந்து புண்ணானாலும், தோல் வார் பதித்த சோடிக்கு மாறியபின் ஈரக் களிமண்ணில் ஓடவும் பழகிக்கொண்டேன். வில்லோ அல்லது பொப்லர் மரத்தை ஈரமாக இருக்கும்போதே செதுக்கிக் குடைந்து, பிறகு உலர்த்துவதால் அது பாரமில்லாமல் இருக்கிறது. அடித்தரையின் குளிரும் காலில் ஏறாது. மாடு மிதித்தாலும் ஆணி குத்தினாலும் விரல்களைக் காக்கும் என்பதால், சோதனையில் தேறிய வேலைச் சோடிகளுக்கு ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையான சிஇ உண்டு.

நம்மவர்களில் பலர் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் நீல வண்ணச் சோடியை வைத்துக்கொண்டே, அதை உண்மையில் அணிந்து உழைப்பவரைப் பட்டிக்காட்டார் என்று இகழ்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ஒரு மரச்சப்பாத்து ஏறத்தாழ 1230ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அவ்வளவு காலமாக உழைக்கும் கால்களில் இருந்த பொருள் அது. இன்று நகரத்தில் அதை அணிபவர்கள் அரிது என்பதும் உண்மைதான். ஊர்ப்புறத்துத் தோட்டங்களிலும் பண்ணைகளிலுந்தான் காண்பீர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே பழைய காற்றாலைகள் நிற்கும் ஸான்ஸ ஸ்கான்ஸ் என்ற இடத்தில் இயந்திரம் மரக்கட்டையைக் கடைந்து சப்பாத்தாக்குவதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு விலையைக் குறைத்துக் கேட்க மனம் வராது.

வாசலில் கழற்றிவிட்டே வீட்டுக்குள் போக வேண்டும்; இதை ஒல்லாந்தர் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஈரமானால் நிழலில் உலரவிடுங்கள், சூடேற்றியின் அருகே வைத்தால் வெடித்துவிடும். வழவழப்பான ஓட்டுத் தரையிலும் மாடிப்படியிலும் சறுக்கும்; அடுக்குமாடி வீடென்றால் கீழ்வீட்டார் சத்தத்துக்கே முறையிடுவார்கள். அம்மாவுக்கு முழுச் சோடி அனுப்ப வேண்டாம், யாழ்ப்பாண வெயிலில் கம்பளிக் காலுறை போட்டு அவர் அதை அணியப்போவதில்லை. சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய சோடியை அனுப்புங்கள், தபால் செலவும் குறையும்.