டிசைன் கூட்டத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் என்ன பேசுவது?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைகளின் பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 14 வருடமாக ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். புதிதாக ஒரு எவாப்பரேட்டர் (கழிவுநீரைச் சூடாக்கி ஆவியாக்கும் இயந்திரம்) போடப்போகிறார்கள். டிசைன் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லி, டிராயிங்கில் கையெழுத்தும் கேட்கிறார்கள். டிராயிங் எனக்கு முழுதாகப் புரியாது. என்ன சொல்வது?

பதில்: முழுதாகப் புரிய வேண்டியதில்லை. டிசைனர் வரைந்திருப்பது ஓடுகிற பிளாண்டை. நின்றுபோன பிளாண்டோடு ராத்திரி 2 மணிக்கு மல்லுக்கட்டியவர் நீங்கள். அதைப் பற்றிக் கேளுங்கள், போதும்.

சாயம் ஏற்றப் போடுகிற கிளாபர் உப்பையே (சோடியம் சல்பேட்) எடுங்கள். 32 டிகிரிக்குக் கீழே போனால் அது தண்ணீரில் கரைகிற அளவு மளமளவென்று குறையும். மார்கழி ராத்திரியில் கரண்ட் போய் பம்ப் நின்றால் லைனுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். பைப் வளைகிற எந்த எல்போவைச் சுத்தியலால் தட்டுவது என்று உங்கள் கைக்குத் தெரியும். டிராயிங்கில் அங்கே விரலை வைத்து, “சுடுதண்ணீர் விட்டுக் கழுவ வழி எங்கே? வடிக்க வால்வு எங்கே?” என்று கேளுங்கள்.

எவாப்பரேட்டர் டியூப் கழுவ இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு பிளாண்டில் டியூப் 6 மீட்டர், அதற்கு மேல் கூரைக்கு 2 மீட்டர்தான். ஜெட் கம்பியை உள்ளே விட வழியில்லாமல் கூரைத் தகட்டை வெட்டினோம்.

சரி, கையெழுத்து. இதில்தான் உஷாராக இருக்க வேண்டும். பல இடங்களில் இரும்புக்கு ஆர்டர் போன பிறகுதான் ஆபரேஷன் ஆட்கள் ஞாபகத்துக்கே வருவார்கள். டீ, பிஸ்கட், கையெழுத்து. நாளைக்குக் கோளாறு என்றால், “உங்க இன்சார்ஜ்தான பார்த்து ஓகே பண்ணாரு?” வாயால் சொன்னது எதுவும் நிற்காது. டிராயிங் நம்பர், ரிவிஷன் நம்பர், உங்கள் கேள்வி மூன்றையும் மெயிலில் போடுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமென்றால், எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் பார்த்ததாகப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முந்தின நாள் போன் போட்டு, “அண்ணா, மீட்டிங்ல நம்ம பம்பையும் ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்று குழைவார்கள் சப்ளையர் ஆட்கள். சொன்னால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் மரியாதை போச்சு. அதற்குப் பதில், பம்ப் சீல் எத்தனை நாளுக்கொரு முறை போகிறது என்று லாக் புக்கைக் காட்டுங்கள்.

கட்டுமானத்துக்கு விட்டாச்சு என்று முத்திரை விழுந்த டிராயிங்கில் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள், நடக்காது. ஆள் உள்ளே இறங்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. மேன்ஹோலைத் திறக்கும்போது நீராவியைத் தடுப்பது ஒற்றை வால்வா? மூடின வால்வும் பாஸ் ஆகும் (கசியும்), உங்களுக்குத் தெரியாததா. இரண்டு வால்வும் நடுவே வடிகாலும் வேண்டும். ஆள் இறங்க அதுவும் போதாது, பைப்பை முழுதாக அடைக்கும் பிளைண்ட் தகடு செருக இடம் வேண்டும். ஹசாப் (டிசைனில் உள்ள ஆபத்துகளை அலசும் ஆய்வு) முடிந்துவிட்டது என்பார்கள், கேளுங்கள். பட்ஜெட் இல்லை என்பார்கள், கேளுங்கள். வெல்டிங்கே முடிந்திருந்தாலும் கேளுங்கள். அந்த மெயிலில் பாதுகாப்பு அதிகாரியையும் சேர்த்துவிடுங்கள், அதுவரை வராத பதில் வரும்.