அப்பாவின் கண் துடிப்பு: கண்ணாடிக் கடைக்குப் போக வேணாம்

தங்கச்சி, பொகவந்தலாவையில அப்பாவுக்கு ஒரு கிழமையா கருமணி பக்கவாட்டில துடிக்குது, நடை தள்ளாடுது, கண்ணாடி மாத்தினா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. ஆகாது. பிறவியிலேயே கண் ஆடுறது வேற. வயசான பிறகு புதுசா வந்தா, பெரும்பாலும் உள்காது, மூளை, இல்லாட்டி மருந்துதான் காரணம்.

நீங்க போற போக்கில எழுதின ஒரு வரிதான் எனக்குப் பெருசாப் படுது: வலிப்புக்குக் குடிக்கிற பினைட்டோயினைப் போன மாசம் கூட்டினாங்க. அந்த மருந்து இரத்தத்தில மிஞ்சினா ஓரமாப் பார்க்கும்போது கண் துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்தத்தில மளமளன்னு ஏறக்கூடிய மருந்து அது. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, வலிப்பு திரும்ப வரலாம். நாளைக்கே கிளினிக் கொப்பியும் மாத்திரை அட்டையும் எடுத்துக்கிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இரத்தத்தில மருந்தளவு பார்க்கணுமான்னு கேளுங்க.

போகுமுன்னே ஃபோன்ல வீடியோ எடுங்க. நல்ல வெளிச்சத்தில, தலையை அசைக்காம, உங்க விரலை இடம், வலம், மேல், கீழ்னு பார்க்கச் சொல்லுங்க. மேலும் கீழுமாத் துடிச்சா மூளை ஸ்கேன் தேவைப்படலாம். படுக்கையில புரளும்போது மட்டும் சில வினாடி தலை சுத்தினா, உள்காதுக்குள்ள இடம் மாறின சின்னத் துகள் காரணமா இருக்கலாம். அதை டொக்டர் தலையைத் திருப்பிப் படுக்க வச்சே கண்டுபிடிப்பார்.

திடீர்னு வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க. உடனே 1990 அம்புலன்ஸ்.