ஆத்தங்குடி டைல்ஸுக்குக் கார்பன் வரி உண்டா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். பிரான்ஸுக்கு அனுப்ப ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. வாங்குபவர் 'கார்பன் விவரம்' கேட்கிறார். 2026 முதல் ஐரோப்பாவில் கார்பன் வரி என்கிறார்களே, எங்களுக்கும் உண்டா? நாங்கள் சூளை வைப்பதில்லை. அதைக் காட்டிக் கார்பன் கிரெடிட் விற்கலாமா?

பதில்: வரி இல்லை, பயப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி (பொருளைச் செய்கையில் வெளியான கரியமிலவாயுவுக்காக இறக்குமதியில் வாங்குவது) சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். சிமெண்ட் என்றதும் நம் ஊரில் பலர் கலங்கிவிடுகிறார்கள். அங்கே சொல்லப்படுவது 2523 என்ற சுங்கக் குறியீட்டில் வரும் கிளிங்கரும் (சூளையில் சுட்ட, அரைத்தால் சிமெண்டாகும் கட்டி) மூட்டை சிமெண்டும். சிமெண்டில் வார்த்த டைல்ஸ் 6810-இல் வரும். அது பட்டியலில் இல்லை. ஏற்றுமதி பில்லில் இந்த எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஏஜெண்டிடம் பாருங்கள். கூடவே இரும்புக் கிராதி அனுப்பினால் அது வரிக்குள் வரலாம். ஆனால் வாங்குபவர் ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இத்தகைய சரக்கை இறக்கினால்தான் கணக்கு.

சரி, பிறகு ஏன் கேட்கிறார்? பிரான்ஸில் 2022 முதல் புது வீடுகளுக்குக் கட்டுமானப் பொருளின் கார்பனுக்கும் உச்சவரம்பு உண்டு. அந்தக் கணக்குக்காக இருக்கலாம்.

உங்கள் டைல்ஸ் கண்ணாடித் தட்டில் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்கிற பொருள். எனவே கார்பன் உமிழ்வு அநேகமாக முழுவதும் சிமெண்டால்தான் வருகிறது. ஒரு டன் கிளிங்கர் செய்ய, எரிபொருளை விட்டுவிட்டாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே அரை டன் கரியமிலவாயு வெளியேறும். அதனால் நூறு டைல்ஸுக்கு எத்தனை கிலோ சாம்பல் நிறச் சாதா சிமெண்ட், எத்தனை கிலோ வெள்ளை சிமெண்ட் என்று எடை போட்டு எழுதுங்கள். ஒரு டன்னுக்கான உமிழ்வு எண்ணைச் சிமெண்ட் கம்பெனியிடம் கேளுங்கள். 2025 அக்டோபரில் மத்திய அரசு சிமெண்ட் ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கு விதித்திருக்கிறது. அதன் கீழ் வரும் ஆலைகளிடம் கணக்கு இருந்தே ஆக வேண்டும். அடிப்பூச்சுக்குச் சாம்பல்தூள் கலந்த பிபிசி சிமெண்ட் போட்டால் எண் நன்றாகக் குறையும். அது மெல்லத்தான் வலுவேறும். தொட்டியில் கூடுதல் நாள் வைத்து, உடைத்துப் பார்த்த பிறகே ஆர்டருக்கு எடுங்கள்.

கிரெடிட் கிடைக்காது. இருந்ததைக் குறைத்தால்தான் கிரெடிட். தாத்தா காலத்திலிருந்தே சூளை இல்லாத தொழிலில் எதைக் குறைத்ததாகக் காட்டுவது? இதற்கென்று முன்பணம் கேட்கும் ஆலோசகர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த எல்லை வரியை இந்தியா எதிர்ப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். 2015 பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுக்கிறது. நாம் 2070-இல் நிகர பூஜ்ஜியம் என்றோம். ஒருவர் தன் அளவுகோலை எல்லார் துறைமுகத்திலும் வைப்பது அந்த உடன்பாட்டோடு ஒட்டவில்லை. ஆனாலும் ஏற்றுமதி செய்யும் நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள அந்த எல்லை வரிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இலக்கைவிடக் கூடுதலாகக் குறைத்த ஆலைகள் மற்ற ஆலைகளுக்குக் கிரெடிட் விற்கும் நம் கார்பன் சந்தை நன்றாக ஓடினால் அந்தப் பணம் இங்கேயே தங்கும்.

வாங்குபவருக்கு இப்போதைக்கு ஒரு பக்கம் போதும்: சிமெண்ட் எடை, ஆலை தந்த எண், சூளை இல்லை என்ற குறிப்பு, பட்டறையின் மின்கட்டண யூனிட்.