தவணை முடியும் முன் இன்னொரு தவணையா?

கேள்வி: ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். இந்தக் கணினியில் வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிக்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு இன்னும் 7 மாதத் தவணை பாக்கி. ‘ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-க்கு மாறிவிடுங்கள்’ என்று அக்கா மகன் நச்சரிக்கிறான். பழைய பாகங்களை எப்போதும் அவனுக்கே கொடுத்துவிடுவேன். எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராசஸர் 100 சதவீதம், மெமரி 16-இல் 11 ஜிபி காட்டுகிறது. வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை ஏற்றம் உண்மைதான். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான், ‘குரூஷியல்’ என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஆனால் உங்களிடம் 5 ஜிபி சும்மா கிடக்கிறது. தட்டுப்பாடான பொருளை, தேவையே இல்லாமல், கடனில் வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள்.

உங்களைக் கடிப்பது ரேம் விலை இல்லை, ஒரு தவணை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கும் பழக்கம். ‘வட்டியில்லா’ என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணையில் 100, ரொக்கத்துக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத் தவணையில் கடன் மாதாமாதம் குறைவதால், சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் சுமார் 50தான். அதற்கு 5 கொடுத்தால் வட்டி 10 சதவீதம். செயலாக்கக் கட்டணம் 2 சேர்ந்தால் 14.

டிடிஆர்5 உங்கள் போர்டில் பொருந்தாது. போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும். கழற்றிய மூன்றும் அக்கா மகனுக்கு இலவசம்! அவன் ஏன் அவசரப்படுத்துகிறான் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. இனி எதைக் கழற்றினாலும் விற்று, அந்தப் பணத்தைப் புதிய பாகத்தின் செலவில் கழித்துக்கொள்ளுங்கள். ‘ஏஐ பிசி’ ஸ்டிக்கர் ஒட்டிய புதுக் கணினி பக்கமும் போக வேண்டாம். அதிலுள்ள என்பியுவால் (ஏஐ வேலைகளுக்கான தனிப் பகுதி) எக்ஸ்போர்ட் நேரம் குறைந்துவிடாது.

100 சதவீதத்தில் திணறுவது ரேம் இல்லை, ப்ராசஸர். அதனால் முதலில் செலவில்லாத வேலை. எக்ஸ்போர்ட் அமைப்பில் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் வேலை) ‘சாஃப்ட்வேர்’ என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அந்த வேலை முழுவதும் ப்ராசஸர் மேல் விழுகிறது, மாதாமாதம் தவணை கட்டும் கார்டில் உள்ள என்கோடர் தூங்குகிறது. ‘ஹார்டுவேர்’ என்று மாற்றி, அதே வீடியோவை மறுபடி ஓட்டி நேரம் பாருங்கள். பலருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

போதவில்லை என்றால் 7 மாதம் கழித்து, ரொக்கத்தில், ரைசன் 7 5700எக்ஸ் மட்டும். கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி) 6-க்குப் பதில் 8. போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். இதுவும் 65 வாட் என்பதால், இப்போதைய பவர் சப்ளை சரியாக ஓடினால் அதையும் மாற்ற வேண்டாம். கூலரை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை, பழைய 3600 ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸோடு புது ப்ராசஸரைப் பொருத்தினால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது.